புகை வராது சரி... கழிவு எங்கே போகும்?

ஹைட்ரஜன் காரா, பேட்டரி காரா? காலேஜ் செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு இதுதான். 'ஹைட்ரஜன்தான் பெஸ்ட்'னு முடிவே கட்டிட்டேன். பின்னே என்னங்க? 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் காரில் நாடாளுமன்றத்துக்குப் போனாரே... அந்தக் காரிலிருந்து புகையே வராது, தண்ணீர்தான் சொட்டும்! ஐந்தே நிமிடத்தில் டேங்க் ஃபுல்!

ஆம்பூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவிடம் ஒத்திகை பார்த்தேன். அவருக்கு டேனரியில் வேலை. முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த ஹைட்ரஜனை எங்கடா செய்றாங்க? அதோட கழிவு எங்க போகுது?"

நான் முழித்தேன்.

"ஷூ கடையில பளபளன்னுதான் இருக்கும். பாலாத்தைப் பார்த்தாத்தானே அதோட கதை தெரியும்?"

சுருக்கென்றது. தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில்தானே, 1996-ல் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே ஈடு தரணும்'னு தீர்ப்பு சொன்னது!

மறுநாளே லைப்ரரிக்கு ஓடினேன். முதல் ஷாக்: உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. காரில் வராத புகை, ஃபேக்டரியில் வருகிறது! தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தும் எடுக்கலாம். ஆனால், ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தத் தண்ணீர், 50 யூனிட்டுக்கு மேல் கரன்ட் வேண்டும். அதில் கார் ஓடுவது சுமார் 100 கி.மீ. அதே கரன்ட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால்? சுமார் 300 கி.மீ!

அதுக்காக பேட்டரி ஒன்றும் உத்தமர் இல்லீங்க. நம்ம நாட்டுக் கரன்ட்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதுதான். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. அது ஒழுங்காக நடக்கணுமே!

செமினாருக்கு இரண்டே நாள் இருக்கும்போது முடிவை மாற்றி எழுதினேன். காருக்கு பேட்டரி. ஆம்பூரிலிருந்து ஷூ கன்டெய்னர் ஏற்றிப் போகும் லாரி மாதிரி கனரக வண்டிகளுக்கு, அதுவும் சூரிய சக்தி, காற்றாலை கரன்ட்டில் எடுத்தால், ஹைட்ரஜனுக்கும் ஒரு சான்ஸ் உண்டு. மேடையில் அப்பாவின் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். ஹாலே கப்சிப்!

நீங்களும் நாளைக்கு ஒரு வண்டி வாங்கத்தானே போறீங்க? மைலேஜ் கேளுங்க, விலை கேளுங்க. கூடவே எங்கப்பா கேட்டதையும் கேட்டுடுங்க... "கழிவு எங்க போகுது?"