புதுப்பேட்டை ஸ்டீரியோ

என் பழைய மாருதி ஜென்னுக்கு ஆண்ட்ராய்டு திரை மாட்டச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். டேஷ்போர்டில் இருப்பதோ ஒற்றை டின் பொந்து: 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். பெரிய திரைக்கு டேஷை வெட்டணும், மனசு வரவில்லை. புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய செட்டும், பின்பக்கத்துக்கு ஓவல் ஸ்பீக்கர் ஜோடியும் வாங்கி வந்தேன்.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு பென்சில் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் ஒரு நொடி தொட்டால் 'டப்' என்று கூம்பு அசையும். வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கருக்கும் பிளஸ். அப்புறம் கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கி, காதை வைத்துக் கேளுங்கள். மணல் உரசுகிற மாதிரி 'கரகர' வந்தால் காயில் போச்சு. கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் வேண்டாம். ஓரத்து ஃபோம் மட்டும் பொடிந்திருந்தால் பேரம் பேசலாம், அதை மாற்ற முடியும்.

செட் முகப்பில் '50 வாட் வீதம் நாலு' என்றிருந்தால் மயங்காதீர்கள். அது உச்சக் கணக்கு. நிலையாக வருவது அதில் பாதிகூடத் தேறாது.

வயரிங்கில் மஞ்சள் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு பாடிக்கு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் ரேடியோ ஸ்டேஷன்கள் மறந்துபோகும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்று ஏறினால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் திருகணும்.

புளூடூத் கிடையாது. ஆக்ஸ் ஓட்டை உண்டு, போதும். இளையராஜாவின் பேஸ் கிட்டார் இப்போதுதான் அந்த வண்டிக்குள் தனியாகக் கேட்கிறது. வீட்டம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏசியை எப்போ சரி பண்ணுவீங்க?"