துணையிசைக் கருவியும் இசைவாணர் மதிப்பும்

மேடையில் அமர்ந்திருப்பவர் ஒருவர். ஒலிப்பதோ ஒரு குழுவின் இசை. முரசு அதிர்கிறது, பேஸ் கிட்டாரின் நாதம் எழுகிறது, வயலின்கள் இழைகின்றன. இவை அனைத்தையும் ஒரே பலகையினின்று எழுப்பும் மின்னிசைக் கருவியே 'அரேஞ்சர் கீபோர்டு' எனப்படுவது. இடக்கை ஒரு சுரக்கூட்டை அழுத்தியதும், கருவி அதனை அறிந்து, தெரிவு செய்த தாளநடைக்கேற்பத் துணையிசையைத் தானே வழங்கும். வலக்கை மெட்டை வாசிக்கும்.

இவ்வெளிமையே அதற்குப் பழியாகவும் அமைந்தது. தேர்ந்த இசைவாணருள் பலர் அதனை விளையாட்டுப் பொருளென ஒதுக்குவர். உழைப்பின்றி ஒலி பிறக்கிறது, பாடல்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகின்றன, தாளக் கலைஞரின் பிழைப்புப் பறிபோகிறது என்பன அவர்தம் குறைபாடுகள். இவற்றுள் உண்மை இல்லாமலில்லை.

எனினும், இசையுலகின் தீர்ப்புகள் மாறுவதுண்டு. ஆர்மோனியத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற கருவி அது. கமகத்தின் வளைவுகளைக் காட்ட இயலாதது என்னும் குறை அதன்மீது சுமத்தப்பட்டது. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கிவைத்தது. அத்தடை 1971இல்தான் தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் தமிழ் நாடக மேடையும் பஜனைக் கூடமும் அதனைக் கைவிடவில்லை.

ஆர்மோனியத்திற்கு வாய்க்காத ஒரு வசதி அரேஞ்சர் கீபோர்டுக்கு உண்டு. சுருதியை வளைக்கும் சக்கரமோ நெம்புகோலோ அதில் அமைந்துள்ளது. அரைச்சுரத்தையும் பாதியாக்கும் அரபு இசையின் நுண்சுருதிகளுக்கு ஏற்ற வகைகளையும் யமஹா, கோர்க் நிறுவனங்கள் வெளியிட்டுள்ளன.

உழைப்பின்றி இசை பிறக்கும் என்பதும் முழு உண்மையன்று. இடக்கை தவறான சுரக்கூட்டை அழுத்தினால், குழு முழுவதுமே ஒருசேரத் தவறும். தனி வீணையில் ஒரு விரலின் பிழை ஒரு விரலோடு நிற்கும். இங்கோ அது கிட்டாரிலும் வயலினிலும் பெருகி ஒலிக்கும். இசையறிவில்லாதவரை இக்கருவி மறைத்துக் காப்பதில்லை.

ஆயினும், வேலையிழந்த தாளக் கலைஞருக்கு இது விடையாகாது. மாணவர்க்கும் ஓர் இடர் உண்டு. தாளத்தைக் கருவியே சுமந்தால், அது கற்பவர் கையில் தங்காது. ஆதலின் நல்லாசிரியர் முதலில் துணையிசையை நிறுத்திவைப்பார். கையால் தாளமிட்டுப் பாடச் செய்வார். அத்தாளம் மாணவர் நெஞ்சில் நிலைத்த பின்னரே அந்தப் பொத்தானைத் தொட விடுவார்.