பிந்தி வந்த திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் 'திருத்தம்' என்பது எவரும் விரும்பி எழுதும் பத்தியல்ல. பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், வாசகர் கண்ணிற் படாமற் போனால் நல்லது என்ற எண்ணத்தோடு போடப்படுவது. இன்று நான் எழுதுவதும் அத்தகையதொரு திருத்தந்தான். கால் நூற்றாண்டு பிந்திவிட்டது.

1990களின் கடைசியில் நாளிதழொன்றின் அறிவியல் பக்கம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கலைப்பட்டதாரியான எனக்கு நூலகமே துணை. கோளக விண்மீன் கொத்துகளைப் பற்றி ஒருமுறை எழுதினேன். இலட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் திரண்டிருக்கும் மிகப் பழைய கூட்டங்கள் அவை. பலவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். "ஒரே முகிலில், ஒரே வேளையில் பிறந்த உடன்பிறப்புகள்" என்று கட்டுரையை முடித்திருந்தேன். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தபாலட்டை அனுப்பினார்: "ஒரே வேளையில் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்?" பாடநூல்களே அவ்வாறு கூறுகையில் பதில் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. சில கொத்துகளின் சிவப்பு அரக்க விண்மீன்களில் ஒட்சிசன் குறைந்தும் சோடியம் மிகுந்தும் இருப்பது அப்போதே தெரிந்திருந்தது. முதுமையில் உட்பகுதி கலங்கி மேலே வந்ததன் விளைவு அது எனப் பலர் சமாதானம் கூறினர். 2001 இல், முதுமை எய்தாத விண்மீன்களிலும் அதே வேறுபாடு சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது. சோடியத்தைச் சமைக்கும் வெப்பம் அவற்றின் உள்ளே இல்லை. ஆகவே அந்த வாயு வேறு விண்மீன்களிற் சமைந்து வந்திருக்க வேண்டும். 2007 இல் என்.ஜி.சி. 2808 என்ற கொத்தில் மூன்று தனித்தனி விண்மீன் வரிசைகளை ஹபிள் தொலைநோக்கி பிரித்துக் காட்டியது.

முதற் தலைமுறை உமிழ்ந்த வாயுவில் இரண்டாந் தலைமுறை பிறந்தது என்றால் கணக்கு இடிக்கிறது. பல கொத்துகளில் இரண்டாம் வகையினரே பாதிக்கு மேல். முதல் வகையினர் உமிழக்கூடிய வாயுவோ சொற்பம். கொத்துகள் ஆதியிற் பத்து மடங்குக்கும் மேல் பெரியனவாக இருந்தன, முதல் வகையினரிற் பெரும்பாலோர் பின்னர் வெளியேறிவிட்டனர் என்று விடை கூறப்பட்டது. பால்வீதியில் அவர்களைத் தேடுவது கடலிற் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

போர்னக்ஸ் குறு விண்மீன் மண்டலமோ சிறிய குளம். 1938 இல் ஹார்லோ சாப்லி அறிவித்த அது ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே உலோகம் குறைந்த விண்மீன்களில் ஐந்திலொன்று முதல் நாலிலொன்று வரை, நான்கு பழைய கொத்துகளிலேயே இருப்பதாக 2012 இல் கணக்கிடப்பட்டது. வெளியே உள்ள அத்தனையும் ஒருகாலத்தில் அவற்றினுள் இருந்தன என்று வைத்துக்கொண்டாலும், கொத்துகள் நாலைந்து மடங்குக்கு மேல் பெரியனவாக இருந்திருக்க முடியாது. அந்நான்கிலும் நைதரசன் மிகுந்த இரண்டாம் வகையினர் இருப்பதை 2014 இல் ஹபிள் உறுதிப்படுத்தியது. வெளியேறியவர்கள் அங்கே இல்லை, கோட்பாடு தடுமாறியது. எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

வைகாசி முன்னிரவுகளில் நமது தெற்கு வானில் மங்கலான பொட்டாக ஒமேகா சென்டாரி என்ற கொத்து வெறுங்கண்ணுக்கே தெரியும். அதைக் காணும்போதெல்லாம் அந்தத் தபாலட்டை நினைவுக்கு வருகிறது. எழுதியவர் இன்று இல்லை.

திருத்தம்: 'ஒரே வேளையில் பிறந்த உடன்பிறப்புகள்' என்பதை நீக்கி வாசிக்கவும். அவ்விடத்தில் எதை இடுவது என்பது இன்னும் தெரியவில்லை. பதில் எழுதாமைக்கு வருந்துகிறேன்.