நீலப் பூவும் உப்புத் தண்ணியும்

குன்னூருக்கு ஸ்வெட்டரோடு போவார்கள். காலி மண்தொட்டியோடு போனது நாங்கள்தான்! மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியபோதே டிக்கெட் பரிசோதகர் என் மடியை ஒரு மாதிரி பார்த்தார்.

குன்னூர் என் மனைவி பிறந்த ஊர். மாமனார் வீட்டை விற்றாகிவிட்டது; பத்திரத்தில் இவள் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வீட்டு கேட் ஓரம் அவள் அம்மா வைத்த ஹைட்ரேஞ்சியா புதர்... கொத்துக் கொத்தாக நீலப் பூ. சாவியைக் கொடுப்பதற்குள் அதில் ஒரு கிளையாவது எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஏற்கெனவே சென்னைக்குக் கொண்டுபோன இரண்டு செடிகளும் பரலோகப் பிராப்தி!

கையெழுத்து முடிந்து, 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். தொட்டியைப் பார்த்ததும் தோட்டக்காரப் பெரியவருக்குச் சிரிப்பு.

"இது எங்க மண்ணோட புளிப்புல பூக்கறதுங்க சார்."

மலையில் கொட்டுகிற மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது அமில மண். பி.ஹெச். அளவில் 7 என்றால் நடுநிலை. தேயிலைக்குப் பிடித்தது 4.5 முதல் 5.5 வரை. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் இந்தப் பூ நீலம். சுண்ணாம்பு மண்ணில் அதே செடி ரோஸ் கலரில் பூக்கும்! தேயிலையின் பங்காளியான காமெலியா, அசேலியா, சோலைகளில் சிவக்கும் காட்டுப்பூவரசு எல்லாமே புளிப்புக் கட்சி.

"அப்ப ஒரு மூட்டை மண்ணையும் அள்ளிட்டுப் போயிடறோம்" என்றேன்.

"மண்ணு எங்களுதுங்க. ஊத்தற தண்ணி?"

நியாயம்தான். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தொட்டிகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அந்தச் சுண்ணாம்பு எந்தப் புளிப்பு மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடும். அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். போதாததற்கு அக்னி நட்சத்திரம் வேறு!

"இட்லிப்பூ வைங்கம்மா. அதுவும் புளிப்பு கேக்கற ரகந்தான், ஆனா வெயிலு தாங்கும். இலைமக்கு நெறையப் போட்டு, மழைத்தண்ணி புடிச்சு ஊத்துங்க."

வீட்டுக்குத் திரும்பினோம். புதர் முன்னால் வெகுநேரம் நின்றாள். கிளையை ஒடிக்கவில்லை.

"இங்கேயே இருக்கட்டும். நீலமாவே இருக்கட்டும்."

ரயிலில் ஆறுதலாக, "மண்ணு மாறினா சிலதுக்கு ஒத்துக்காதும்மா" என்றேன்.

"நான் மாறிப் பத்து வருஷமாச்சு. என் இலை மஞ்சளாச்சான்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

மேட்டுப்பாளையம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மழை வந்தால் மொட்டைமாடியில் குடத்தோடு நிற்பது என் வேலை. இட்லிப்பூ சிவப்பாகப் பூத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அதன் இலையைப் பார்க்கிறேன். அப்புறம் அவள் முகத்தை.