கொல்லைப்புறத்து யாத்திரை

நமது சங்கத்தின் திங்கள் ஏட்டில் யாத்திரைக் கட்டுரைகளுக்கு என்றுமே குறைவில்லை. பத்ரிநாத் சென்று மீண்டவர்கள் எழுதுகிறார்கள். கோடை விடுமுறையில் நைனிடாலையும் முசூரியையும் கண்டு வந்தவர்கள் எழுதுகிறார்கள். அவற்றை விருப்புடன் படிப்பவர்களில் நாங்களும் சேர்ந்தவர்களே. ஆயினும் இம்முறை நேயர்களை நாங்கள் அழைத்துச் செல்லும் இடத்திற்கு ரயில் சீட்டு வேண்டியதில்லை. கம்பளிச் சட்டையும் வேண்டியதில்லை. தெற்கு டில்லியில் ஓர் அரசாங்கக் குடியிருப்பு. சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படிகள். படிகளுக்குக் கீழே 20 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட மண் தரை. அதுவே எங்கள் கொல்லை.

அங்கே இருப்பவை யாவை என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலையில் ஒரு வேப்பமரம். அதனருகே, ஷஹ்தூத் என்று இவ்வூரார் வழங்கும் முசுக்கட்டை. ஒரு பவழமல்லி, ஒரு துளசி மாடம், தமிழர் குடியேறிய இடத்திலெல்லாம் தவறாது உடன் குடியேறும் கறிவேப்பிலை. தென்புறத்தில் ஆறடி உயரச் சுவர். இவற்றைத்தான் சில ஆண்டுகளாகப் படம் பிடித்து வருகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. வீட்டை விட்டு வெளியேற வழியில்லை. தந்தையார் காலமான பின்னர், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து அன்னையாரை இங்கே அழைத்து வந்து அப்போது ஐந்து மாதமே ஆகியிருந்தது. எண்பது வயதை நெருங்கியவர். டில்லி அவருக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்து குறை கூறியதில்லை. ஆனால் உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. பகல் முழுவதும் சுவரை நோக்கிப் படுத்திருப்பார். ஊரில் அவருக்குக் காவிரி வாய்க்காலும் கோயில் வாசலும் இருந்தன. இங்கே ஒரு கட்டிலும் நான்கு சுவர்களும் இருந்தன. பெற்றோரை முதுமையில் பிற மாநிலத்துக்கு அழைத்து வந்த குடும்பத்தினர் எவருக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்தப் பங்குனியில் வேம்பு இலையுதிர்ந்து மொட்டையாக நின்றது. ஒரு காலை பார்த்தால், கிளை நுனிகளெல்லாம் செம்பு நிறத்தில் தளிர்த்திருந்தன. கைப்பேசியில் படமெடுத்துக் கட்டிலருகே கொண்டு காட்டினோம். அன்னையார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்னர், “ஏன் தம்பி, இது நம் வேம்புதானா? எப்போது பூக்கும்?” என்று கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் தாமாகக் கேட்ட கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகவே மறுநாளும் படமெடுத்தோம். அதற்கு மறுநாளும் எடுத்தோம். நம் பக்கத்தில் சித்திரை பிறக்குமுன்பே வேப்பம்பூ தாராளமாகக் கிடைக்கும். டில்லி வேம்போ சில வாரம் பிந்தியே பூக்கிறது. புத்தாண்டுப் பச்சடிக்கு மொட்டுத்தான் கிட்டும் ஆண்டுகளும் உண்டு. அவ்வாண்டு அப்படித்தான் ஆயிற்று. பத்து நாள் கழித்துக் கொல்லையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, உதிர்ந்த பூக்களைச் சேர்த்து உலர்த்தி, அடுத்த புத்தாண்டுக்கென்று அன்னையார் தம் கையாலேயே டப்பியில் அடைத்து வைத்தார். படியிறங்கிக் கொல்லைக்கு அவர் வந்தது அன்றுதான் முதன்முறை.

படமெடுக்கும் முறை பற்றி ஒரு சொல். இரண்டாம் படியின் இடக்கோடியில் சுண்ணாம்பால் ஒரு குறி இட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் அங்கே நின்று, ஒரே திசை நோக்கி, ஒரே உயரத்தில் ஒரு படம். இடையில் கண்டவற்றை விருப்பம்போல். அழகாக இருக்கும் நாளில் மட்டும் எடுப்பது என்ற வழக்கம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்து, வயற்புகையும் நகரத்துப் புகையும் தரையோடு தங்கிவிடும்போது இங்கே கதிரவன் மங்கிய பித்தளைத் தட்டுப் போலத் தோன்றுகிறான்; கொல்லை முழுதும் சாம்பல் பூசியது போலிருக்கும். அந்தப் படங்களையும் ஒதுக்கவில்லை. அவையும் இவ்வூரின் பருவமே.

ஒரே இடத்தில் நின்று எடுப்பதால் விளைந்த பயன்களுள் நிழலைப் பற்றியதை முதலில் சொல்ல வேண்டும். மார்கழி நடுப்பகலில் எங்கள் ஆறடிச் சுவரின் நிழல் ஏறத்தாழ ஏழரை அடி நீண்டு கொல்லையின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆனி நடுப்பகலிலோ அதே சுவருக்கு அரையடி நிழல்தான். சென்னையில் ஆனி மாத உச்சிப் பொழுதில் நிழல் தெற்கு நோக்கி விழும். டில்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் உச்சி நிழல் வடக்கு நோக்கியே விழுகிறது. பகற்பொழுதின் அளவும் அவ்வாறே. சென்னையில் நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேற்றுமை. டில்லியில் அது மூன்றரை மணிக்கும் மேல். மாசி பிறந்ததும் நிழல் ஒவ்வொரு வாரமும் சுவரை நோக்கிச் சிறிது சிறிதாகப் பின்வாங்குவதை அன்னையார் தம் நாற்காலியை நகர்த்தி நகர்த்தியே கணக்கிட்டுவிடுவார்.

பள்ளியில் நாம் கற்ற ஆறு பருவங்கள் இங்கே சரிவரப் பொருந்துவதில்லை. நம் நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைத் திங்கள்கள். டில்லியில் அம்மாதங்களில் ஒரு துளியும் விழாமற் போவதுண்டு. இங்கே மழை ஆனியின் நடுவில் வந்து புரட்டாசிக்குள் விடைபெற்றுக்கொள்கிறது. முசுக்கட்டை மார்கழியில் ஓர் இலையுமின்றி நிற்கும். பனிமூட்டத்தின் நடுவே அம்மரத்தை எடுத்த படமே எங்களிடம் உள்ளவற்றுள் சிறந்ததென்று நண்பர்கள் கூறுகின்றனர்; எங்களுக்கு என்னவோ, பங்குனிக் கடைசியில் அதன் பழம் தரையில் சிந்திக் கறையாகிக் கிடக்கும் படத்தின்மீதுதான் ஆசை. வைகாசியில் புழுதிப் புயல், ஆந்தி என்பார்கள். பத்தே நிமிடத்தில் மஞ்சள் இருள் சூழும். ஆவணி பிறந்ததும் பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. அந்தப் பூவைச் செடியில் படமெடுக்க விரும்புவோர் நான்கரை மணிக்கு எழ வேண்டும். தரையில் எடுக்க விரும்புவோர் ஆறு மணிவரை உறங்கலாம்.

அணிற்பிள்ளையின் கதையை விட்டுவிட இயலாது. எங்கள் பெயர்த்தி அணிலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “பாட்டி, கோடு ஐந்து இருக்கிறதே!” என்றாள். இராமபிரான் மூன்று விரலால் தடவிய கதையை அதற்கு முதல் நாள்தான் கேட்டிருந்தாள். உண்மையில் தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். வடநாட்டு அணில் வேறு இனம், அதற்கு நடு முதுகில் மூன்றும் பக்கத்திற்கு ஒன்றுமாக ஐந்து. அன்னையார் சிறிதும் கலங்கவில்லை. “அயோத்தி பக்கத்தில் இருக்கிறதல்லவா? வீட்டுக்குப் போன பிறகு ஐந்து விரலாலும் தடவியிருப்பார்” என்றார். விலங்கியலார் இதனை ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

ஐப்பசியில் வடக்கேயிருந்து வெள்ளை வாலாட்டி வருகிறது. கோடை தலைகாட்டுமுன் திரும்பிவிடுகிறது. வேப்பம்பழக் காலத்தில் சாம்பல் நிற இருவாட்சி இணையாக வந்து அமரும். நம் ஊர்ச் சமவெளியில் எளிதில் காணக்கிடைக்காத அப்பறவை இத்தலைநகரின் தெருமரங்களில் சர்வ சாதாரணம். ஒரே ஒரு ஆண்டு, முதல் மழைக்கு மறுநாள், துளசி மாடத்தடியில் சிவப்புப் பட்டுத் துணுக்குப் போலத் தம்பலப் பூச்சி ஊர்ந்தது. அன்று அன்னையார் படத்தைப் பார்க்கவில்லை. பூச்சியையே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

இத்துறையில் தமிழருக்கு ஒரு பெரிய முன்னோர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாது எழுதினார். யானைக் காடுகளைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கிய அவரே, சென்னை மயிலாப்பூரில் தம் வீட்டைச் சுற்றி வாழ்ந்த காகத்தையும் அணிலையும் அதே கவனத்துடன் நோக்கி எழுதினார். வசதி படைத்த கருவி இருந்தால்தான் படமெடுக்கலாம் என்று தயங்கும் அன்பர்கள், பல உறுப்புகளைத் தாமே இணைத்து அவர் அமைத்துக்கொண்ட காமிராவைப் பற்றிக் கேட்டறிவது நல்லது.

இப்போது அந்தப் படங்களுக்கு வேறொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. வரும் ஆண்டு எங்களுக்குப் பணி ஓய்வு. வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். இத்தகைய பழைய வீடுகளும் நெடுங்காலம் நிற்கப்போவதில்லை. 2016-இல் மத்திய அமைச்சரவை, சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாக எழுப்ப ஒப்புதல் அளித்தது. 2018-இல் அங்குள்ள மரங்களுக்காக மக்கள் தெருவில் இறங்கினர். டில்லி உயர் நீதிமன்றம் மரம் வெட்டுதலைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. அந்தக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்தன. அவற்றின் கொல்லைகளில் எத்தனை முருங்கைகள், எத்தனை வாழைகள்! நம் வாசகர் இல்லங்களில் அவற்றின் படங்கள் இருக்கக்கூடும். திருமணப் படத்தின் பின்னணியிலோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தின் ஓரத்திலோ. தேடிப் பாருங்கள்.

எங்கள் படங்களை மாதத்துக்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்து அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் தமிழ் மாதத்தின் பெயரை அன்னையார் எழுதுகிறார். கை சற்று நடுங்குகிறது. எழுத்து இன்னும் குண்டு குண்டாக நன்றாகவே இருக்கிறது. பன்னிரண்டு படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்று சென்ற வாரம் கேட்டார். எதற்கென்று வினவியதற்கு, அடுத்து இவ்வீட்டிற்கு வருபவர்களுக்கு என்றார். அவர்கள் தமிழராய் இருப்பார்களென்று என்ன நிச்சயம் என்றோம். “இந்தியிலும் எழுதிவிடு” என்றார்.

அவ்வண்ணமே எழுதிக்கொண்டிருக்கிறோம். மார்கழிப் படத்தின் கீழ் அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது: “கறிவேப்பிலை இம்மாதம் மஞ்சளித்து உதிரும். பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிட வேண்டாம். தண்ணீரைக் குறைத்து ஊற்றவும். பங்குனியில் துளிர்க்கும்.”