ஆய்வேடும் அலுவலகக் கோப்பும்

"பல்கலைக்கழகத்தில் வேலை வேண்டுமென்றால் எதற்கு முயல்வது அண்ணா, ஆய்வுக்கா, அலுவலகத்துக்கா?" சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை முடித்த தம்பி ஒருவர் கேட்டார். எங்கள் மீனாட்சிபுரத்துப் பிள்ளைகள் பலரும் கேட்பது இது. ஆதலால் பொதுவில் எழுதுகிறேன்.

யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. கிடைக்காதவர் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகச் சேர்வார். அதற்கான அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் சில நாள் அவகாசத்துடன் தோன்றி மறையும். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நானும் அப்படி ஒரு திட்டத்தில் பதினொரு மாதம் பணியாற்றினேன். கடைசி மூன்று மாத ஊதியம், திட்டம் முடிந்து வெகுநாள் கழித்தே வந்தது. பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு கையொப்பம் இல்லாததால் கோப்பு அசையாமல் கிடந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நிதிப்பிரிவு உதவியாளர் ஒருவர். அவரும் எம்.ஃபில். முடித்தவர்.

அவர் வகிக்கும் பதவியைத்தான் நம்மவர்கள் "டாக்டர் பட்டத்துக்குப் படித்துவிட்டுக் குமாஸ்தா வேலையா?" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வு மாணவரின் உதவித்தொகைப் பட்டியலும் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பும் அந்த மேசைகளைக் கடந்தே செல்கின்றன. ஆய்வின் அவதியை அறிந்த ஒருவர் அங்கே அமர்வது எத்தனையோ பேருக்கு நல்லது.

கேரளப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியரல்லாத பணியிடங்களுக்கான தேர்வு, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலத் தேர்வாணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பல்கலைக்கழக உதவியாளர் பதவிக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வயது 18 முதல் 36 வரை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 39, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 41. தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்திருந்தால்தான் விண்ணப்பிக்க இயலும். தரவரிசைப் பட்டியல் அதிகபட்சம் மூன்றாண்டு உயிரோடிருக்கும். அறிவிப்போ ஆண்டுதோறும் வருவதில்லை. முனைவர் பட்டத்துக்கு ஆறாண்டு வரை ஆகலாம். "முதலில் ஆய்வு, பிறகு தேர்வு" என்று காத்திருப்பவருக்கு இரண்டொரு வாய்ப்பே எஞ்சும். ஆய்வுக் காலத்திலேயே எழுதிவிடுவது உத்தமம்.

எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போகலாமே என்பார்கள். போகலாம். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் பிற மாநிலத்தவர் பொதுப்பிரிவிலேயே வைக்கப்படுவர். நம் சாதிச் சான்றிதழுக்கு அங்கே பயனில்லை. தமிழர்தாமே என்று யாரும் விலக்களிக்க மாட்டார்கள்.

இங்கே தடை வேறு. மலையாளம் நமக்குப் பேச வரும், எழுதக் கை தயங்கும். அலுவலகக் குறிப்புகளோ பெரும்பாலும் மலையாளத்தில். நாள்தோறும் ஒரு மலையாளத் தலையங்கத்தைப் பார்த்தெழுதினேன். ஆறு மாதத்தில் கை பழகிற்று. கூட்டெழுத்துகள்தாம் இன்னும் கொஞ்சம் படுத்துகின்றன.