கார் வைத்திருந்தவர்கள்

பரணைச் சுத்தம் செய்தபோது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அகப்பட்டது. நடுவில் மடித்த பஸ் டிக்கெட். அன்று அந்த இடத்தில்தான் கோபத்தில் மூடிவைத்திருக்கிறேன்.

அந்த நாவலுக்குப் பின்னால் இருப்பது 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். ஏழைகளின் ஆட்சி என்று சொல்லி வந்தவர்கள் கோட்டையில் உட்கார்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

கீழ்க்கோர்ட் நிலச்சுவான்தார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. பெரிய மிராசுகள், ஒருவரிடம் கார்கூட உண்டு. அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நம்ப முடியவில்லையாம். அந்தக் காரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நாவலாவது நியாயம் செய்ததா? பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக்குறைவைக் காரணமாக்கி, கூலிச் சண்டையைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டது. (சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, அது வேறு கதை.) ஆனாலும் வெண்மணி என்ற பெயரை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்தப் புத்தகம்தான், தீர்ப்பு அல்ல.

பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன்.